டர்போ காரில் டிக் டிக் சத்தம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் தம்பி

கார் மச்சானுடையது, 1.6 டர்போ, ஐரோப்பியக் கார். அவர் செம்பனைத் தோட்டத்தில் கிராணி (கிளார்க்). குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து டவுன், அவ்வளவுதான் அந்தக் காரின் ஓட்டம். டிக் டிக் சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வராது, இன்ஜின் நன்றாகச் சூடாகி டிராஃபிக் லைட்டில் நிற்கும்போதுதான் வரும். லிஃப்டர் (ஆயில் நிரம்பி நின்று வால்வ் பக்கம் இடைவெளி விழாமல் பார்க்கும் சின்ன சாமான்) சத்தம் என்றால் காலையில் வந்து, சூடானதும் போய்விடும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

டவுனில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினோம். போமன் (மெக்கானிக்) போனட்டைத் திறந்தார், கொஞ்ச நேரம் கேட்டார், டர்போ போய்விட்டது என்றார். டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை! சொன்ன விலைக்கு நல்ல கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம்.

அப்புறம் தோட்டத்து டிராக்டர்களைப் பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனோம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கேட்டார். டர்போ பக்கம் ஒன்றுமில்லை. வால்வ் கவரில் மூன்றாவது சிலிண்டருக்கு மேலே வைத்ததும் "இங்க வா தம்பி, நீயே கேளு" என்றார். கேட்டேன், மண்டைக்குள்ளேயே அடித்தது. இன்ஜின் ஆறியதும் கவரைக் கழற்றி, கேமின் (வால்வைத் திறக்கும் தண்டின்) மூக்கு ராக்கரை (இடையில் நிற்கும் நெம்புகோலை) விட்டு விலகி நிற்கிற மாதிரி இன்ஜினைக் கையால் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு ராக்கரையும் லிஃப்டர் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். எதுவும் அசையவில்லை. அந்த ஒன்று மட்டும் சாம்பாரில் ஊறிய இட்லி மாதிரி அமுங்கியது. அந்தக் கட்டைவிரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, புது லிஃப்டர் வாங்கி வரட்டுமா என்றால், "பொறு, அது தானாச் சாகல" என்றார். ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரை மாட்டி ஓடவிட்டார். குளிர்ந்த இன்ஜினில் முள் ஜோராக நின்றது. சூடானதும் ஐடிலில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சம்ப்பை (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) இறக்கினால் ஆயில் உறிஞ்சும் வலையில் தார் போல கசடு. சூட்டில் ஆயில் இளகி, வலையும் அடைத்து, லிஃப்டருக்குள் நிற்க வேண்டிய ஆயில் நிற்கவில்லை. சூடான பிறகு வரும் சத்தத்தை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

லூனாஸ்காரன்

தம்பி, ஸ்க்ரூ டிரைவர் வைத்தியத்தை ரொம்ப நம்பாதீர்கள், இரும்பில் சத்தம் எங்கேயோ பிறந்து எங்கேயோ கேட்கும். எனக்கு உங்களுக்கு நேர் எதிர். காலையில் டிக் டிக், பத்து நிமிடத்தில் காணாமல் போகும். லிஃப்டரேதான் என்று சொல்லி முழு செட்டையும் மாற்றினார்கள், மறுநாள் காலையில் அதே சத்தம். வேறொருவர் வந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயின்) ஹீட் ஷீல்டைக் கழற்றினார், உள்ளே ஒரு போல்ட்டைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது. குளிரில் அந்த இடைவெளி திறந்து புகை டிக் டிக் என்று பீய்ச்சுகிறது, சூட்டில் இரும்பு விரிந்து மூடிக்கொள்கிறது. அந்தக் கரியைப் பார்த்ததும் வந்த கோபம் இருக்கிறதே, செலவழித்த காசைவிடப் பெரிது.

ஹாஃப்கட் மன்னன்

லூனாஸ் அண்ணே, உங்கள் கதை மேனிஃபோல்டு கதை. தம்பி கேட்டது லிஃப்டர். கட்டைவிரலில் அமுங்கியதை மேனிஃபோல்டு என்பீர்களா?

என்னுடையது பழைய காரில் போட்ட ஜப்பான் ஹாஃப்கட் (பழைய காரின் முன்பாதியை வெட்டி அனுப்புவது) டர்போ இன்ஜின். கப்பலில் வந்து கடையில் எத்தனை நாள் கிடந்ததோ, லிஃப்டரெல்லாம் வற்றிப்போய்த் தையல் மெஷின் சத்தம். கழற்றி டீசலில் முக்கி, மெல்லிய கம்பியால் உள்ளேயிருக்கும் குண்டை லேசாக அழுத்திக்கொண்டு பம்ப் அடித்தோம். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது, தெளிந்த டீசல் வரும்வரை விடவில்லை. மாட்டியபின் 3000 வரை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி, திரும்பத் திரும்ப. காற்று வெளியேறியதும் சத்தம் நின்றது.

எல்லாரும் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டின்) பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடில் 800 என்றால் ஒரு வால்வ் நிமிடத்துக்கு 400 தடவைதான் திறக்கும், அதனால் லிஃப்டர் டிக் கொஞ்சம் நிதானமாகவே இருக்கும். அடியிலிருந்து கனமாக, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடுகிற தட்டல் என்றால் அது பேரிங், வண்டியை உடனே நிறுத்திவிட்டுத் தூக்கு லோரியைக் கூப்பிடுங்கள். அடுத்தது மினியாக் ஹித்தாம், அதாவது இன்ஜின் ஆயில். டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான், லிஃப்டர் குடிக்கிற அதே ஆயிலைத்தான் அதுவும் குடிக்கிறது. பூக்கிட் (மேடு) ஏறி வந்து பட்டென்று ஆஃப் செய்தால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகும், கருகியது திரும்ப ஆயிலோடுதான் சுற்றும், ஆகையால் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு அணையுங்கள். கிராணி அண்ணன் மாதிரி குறுகிய தூரமே ஓட்டுகிறவர்கள் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், ஏனென்றால் இன்ஜின் சரியாகச் சூடாகாமல் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். கார் மேனுவலைப் புரட்டிப் பாருங்கள், குறுகிய ஓட்டத்தையும் கடுமையான உபயோகத்தில்தான் சேர்த்திருப்பார்கள். சத்தம் வந்துவிட்டதா, 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊற்றுங்கள், அடங்கிவிடும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

யாரும் ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லையே மன்னா 🙂

என் காருக்கும் இதே சத்தம், லிஃப்டர் மாற்ற வேண்டும் என்று பயமுறுத்திவிட்டார்கள். எங்கள் டவுன் போமன் பையன் ஒன்றும் பேசாமல், இன்னொரு கஸ்டமரின் அதே மாடல் காரைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் ஸ்டார்ட் செய்து, "டீச்சர், எது உங்க வண்டி, கண்ண மூடிட்டு சொல்லுங்க" என்றான். சொல்ல முடியவில்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் இன்ஜின் அது, இன்ஜெக்டர் சத்தமே அப்படித்தானாம். காசு வாங்கவில்லை.

லோரி அண்ணன்

மன்னன், மற்றதெல்லாம் சரி, 20டபிள்யூ-50யை மட்டும் வாபஸ் வாங்குங்கள். இப்போதைய டர்போ இன்ஜின்களில் ஆயில் போகும் வழியெல்லாம் சிறுசு, வால்வ் டைமிங்கை மாற்றுவதும் அதே ஆயில்தான். காலையில் கெட்டி ஆயில் மேலே ஏற நேரமாகும், அதுவரை கேம் காய்ந்துதான் ஓடும். வலை அடைத்த வண்டியில் கெட்டி ஆயில் ஊற்றினால் உறிஞ்சுவது இன்னும் கஷ்டம். சத்தம் அடங்கும், வியாதி அடங்காது. இன்ஜின் ஃப்ளஷும் அப்படியே, இத்தனை கசடு உள்ள இன்ஜினில் ஊற்றினால் பேர்ந்து வருவதெல்லாம் நேராக வலைக்குத்தான் போகும். தம்பி, அந்த ஐயா சம்ப்பைக் கழற்றிக் கையாலேயே சுத்தம் செய்தாரா?

சுங்கை சிப்புட் தம்பி

ஆமாம் அண்ணே, வலையைப் புதிதாக மாற்றினார், சம்ப்பை டீசலில் கழுவினார். அமுங்கிய லிஃப்டர் மறுபடியும் கெட்டியாகவில்லை, அதனால் அந்த வரிசை முழுவதையும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டோம். டர்போவின் இன்லெட் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை ஆட்டியும் பார்த்தார், ஆட்டம் அளவுக்கு மேல் இல்லை, அதே டர்போதான் ஓடுகிறது. மீட்டரை இன்னும் கழற்றவில்லை, அடுத்த வாரம் மச்சான் ஈப்போ போய் வந்ததும் சூட்டோடு மறுபடி பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். டீச்சர், அந்தப் பையனின் பட்டறை எந்த டவுனில்?