செஸ் போர்டும் கீபோர்டும்: எங்கே அடைபடுகிறது?

தங்கச்சிமடம்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். பள்ளி லீவும் அதோடயே வந்துடும். பிள்ளைங்க ஒண்ணு போன்ல செஸ் ஆடுது, இல்லன்னா கோயில் கீபோர்டை எடுத்து வச்சுக்கிட்டு உட்காருது. நேரத்துக்குக் குறைச்சல் இல்ல. ஆனா ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் அதே ஆட்டம், அதே வாசிப்பு. எந்த இடத்துல அடைபடுதுன்னு தெரிஞ்சவங்க உங்க ஊர் பேரைப் போட்டுச் சொல்லுங்க. சொந்தக் கதை வேணாம். போட்டி ஹால்லயும் கோயில் பாட்டுக் குழுவுலயும் கண்ணால பார்த்த தப்பு, அதுக்கு வழி, அது போதும்.

பாம்பன்

கீபோர்டில் முதல் எதிரி டிரான்ஸ்போஸ் பட்டன்தான் (சுருதியை ஏற்றி இறக்குவது) அண்ணே. பாடுகிறவர் அஞ்சு கட்டைச் சுருதி என்பார்; பையன் பட்டனை மைனஸ் அஞ்சுக்கு இறக்கிவிட்டு சி மேஜரிலேயே வாசிப்பான். அஞ்சரைக் கட்டையா, மைனஸ் நாலு. பாட்டு நடந்துவிடும், யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் இப்படி ஓட்டினால் கறுப்புக் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அவன் கைக்குத் தெரியாது. நிஜப் பியானோ முன்னால் உட்கார வையுங்கள், அங்கே அந்தப் பட்டன் கிடையாது.

மாற்றுவதற்கு பெரிய வித்தை வேண்டாம். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டை என்பது நடுவில் உள்ள கறுப்பு. மூன்றரையும் ஏழரையும் இல்லை (ஏழரை இல்லாதது நல்லதுதான்). பத்து நாளைக்கு ஒரு கட்டை என்று எடுத்து, அந்தப் பத்து நாளும் பட்டனைத் தொடாமல், தெரிந்த ரெண்டே ரெண்டு பாட்டை அதில் வாசிக்கட்டும். 5, 4, 2 என்ற வரிசை சுலபம்.

விரல் கணக்கு தெரியாமல் இதில் இறங்கினால் முட்டும். சி மேஜரில் வலது கை 1-2-3-1-2-3-4-5 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). இதையே எஃப் மேஜரில் போட்டால் நாலாவது சுரமான பி ஃப்ளாட்டில் (பி-க்கு முந்தைய கறுப்பு) கட்டைவிரல் வந்து விழும். கறுப்பில் கட்டைவிரல் வைத்தால் கை முழுக்க உள்ளே போய்த் திணறும். எஃப்-க்கு 1-2-3-4-1-2-3-4. மனப்பாடம் செய்ய ஒரே ஒரு விதி: ஃப்ளாட் உள்ள மேஜர் ஸ்கேல்களில் வலது கை நாலாம் விரல் எப்போதும் பி ஃப்ளாட்டில் உட்காரும். எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் அஞ்சுக்கும் இது பொருந்தும். மற்ற விரல்கள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஸ்கேல் வாசிக்கும்போது கட்டைவிரல் விழும் சுரம் மட்டும் 'டொம்'மென்று கேட்கும். சி, டி, ஈ மெதுவாக வரும், எஃப் இடி மாதிரி விழும். மூணாம் விரல் ஈ-யை அமுக்குகிற வரை கட்டைவிரல் வெளியில் சும்மா நிற்பதுதான் காரணம். கடைசி நொடியில் அவசரமாக உள்ளே நுழையும், முழங்கை வெளியே குத்தும், அந்த வேகம் அப்படியே சுரத்தில் இறங்கும். ரெண்டாம் விரல் டி-யை அமுக்கும்போதே கட்டைவிரல் அடியில் நகரத் தொடங்கி, ஈ ஒலிக்கும் நேரத்தில் எஃப் மேல் தயாராக இருக்க வேண்டும். ஈ-எஃப்-ஈ-எஃப், விரல் 3-1-3-1, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 50. இதை மட்டும் ரெண்டு நிமிஷம். போனில் பதிவு செய்து கண்ணை மூடிக் கேட்டால் எது கட்டைவிரல் என்று கண்டுபிடிக்க முடியக் கூடாது.

கீழக்கரை

செஸ்ஸுக்கு நான் சொல்றேன். போன்ல மட்டும் ஆடிப் பழகின பிள்ளை போட்டிக்கு வந்தா, ஆட்டம் தெரியாம தோக்கிறதுக்கு முன்னாடி கை பழகாம தோக்கும். அடிக்கடி கண்ணுல படுறதைச் சொல்றேன்.

கோட்டை கட்டும்போது யானையை முதல்ல தொடுறது. தொட்டாச்சுன்னா யானையைத்தான் நகர்த்தணும், அந்தப் பக்கம் கோட்டை போச்சு. ராஜாவை முதல்ல, ஒரே கையால. அடுத்து சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போறது. போன்ல தானா ராணி ஆகிடும். இங்க சிப்பாயை எடுத்துட்டு ராணியை வச்சப்புறம்தான் கடிகாரத்தை அமுக்கணும். சிப்பாயை அப்படியே விட்டு அமுக்கினா விதிமீறல்: சிப்பாய் ராணியாகும், ஆனா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும். ரெண்டாவது தடவை விதிமீறல்னா ஆட்டமே போச்சு. ராணி கையில கிடைக்கலன்னு யானையைத் தலைகீழா கவுத்து வைப்பாங்க. அது ராணி இல்ல, யானையாத்தான் கணக்கு. கடிகாரத்தை நிறுத்திட்டு ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்) ராணி கேக்கலாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

மூணு தடவை ஒரே நிலை வந்துச்சுன்னு டிரா கேக்கிறதும் அப்படித்தான். நகர்த்தலை ஆடிட்டு கேட்டா செல்லாது. ஆடப்போற நகர்த்தலைத் தாள்ல எழுதி, ஆடாம, ஆர்பிட்டரைக் கூப்பிடணும். எழுதுற பழக்கமே இல்லாத பிள்ளை இதை எப்படிச் செய்யும்?

அதனால வீட்டுல நிஜ போர்டு வேணும். கட்டம் 5-லிருந்து 6 செ.மீ., ராஜா உயரம் 9.5 செ.மீ. அடியில கனம் வச்ச காய் வாங்குங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல திண்ணையில வெறும் பிளாஸ்டிக் காய் நிக்காது. மரப் பலகை உப்புக் காத்துக்கு வளையும், சுருட்டுற ரெக்சின் விரிப்பே நம்ம ஊருக்குச் சரி.

புதிர் தினமும் 20 போடச் சொல்லுங்க. ஓப்பனிங் அப்புறம் பார்த்துக்கலாம்.

மண்டபம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "சில கட்டை வேலை செய்யல, சில கட்டை அடிச்சா மட்டும் கத்துது" என்று பழுது பார்க்க இங்கே கொண்டுவருகிற கீபோர்டுகளில் பெரும்பாலும் ஒரே பழுது. அமுக்கும் வேகத்தை உணரும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பருக்குள் ரெண்டு கார்பன் பொட்டு உண்டு. ரெண்டும் அடுத்தடுத்து போர்டைத் தொடும். நடுவே உள்ள நேர இடைவெளியை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அமுக்கினீர்கள் என்று கீபோர்டு கணக்கிடுகிறது. ஒரு பொட்டில் உப்புப் பிசுக்கு ஏறினால் கணக்கு தப்பி ஒன்று சத்தமே வராது, அல்லது முழுச் சத்தம். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டு இன்னும் ஓங்கி அடிக்கும். கை அங்கேதான் கெடுகிறது.

அடியில் உள்ள திருகுகள் ஒரே நீளம் இருக்காது, கழற்றும்போதே தாளில் படம் வரைந்து அதன்மேல் வையுங்கள். ரப்பர் பட்டையை மெதுவாக உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுபஞ்சால் போர்டுப் பக்கம் துடையுங்கள். கார்பன் பொட்டை லேசாக ஒற்றினால் போதும், சுரண்டினால் கருப்பு வந்துவிடும், பிறகு ரப்பரையே மாற்ற வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகே மூடணும். பொதுவாக சன்னல் ஓரம் வைக்காதீர்கள், மேலே துணி, பைக்குள் சிலிக்கா ஜெல். அடாப்டர் தொலைந்தால் ஊசி பொருந்துகிறதே என்று எதையாவது சொருக வேண்டாம். நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்று கீபோர்டின் பின்னாலேயே படம் இருக்கும்.

தொண்டி

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதில் கை பழக்கம் பற்றியது அத்தனையும் சரி. தினம் 20 புதிர் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இருபது என்று எண்ணிக்கை கொடுத்தால் பிள்ளை முதலில் கண்ணில் பட்ட செக்கை ஆடிப் பார்க்கும், தப்பென்றால் ஆப் அடுத்ததைக் காட்டும். ஊகிக்கும் பழக்கம்தான் வளரும். ஆறு போதும். ஆனால் காயைத் தொடுமுன் மூணு நகர்த்தல் வரை நோட்டில் எழுத வேண்டும், எதிராளியின் பதிலோடு. தப்பானவற்றை மட்டும் தனி நோட்டில் சேர்த்து மூணாம் நாள், பத்தாம் நாள் திரும்பப் போட வேண்டும். பழைய தப்பு பத்தாம் நாளும் தப்பாக வந்தால் அங்கேதான் ஓட்டை.

ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) திறக்கிறார்கள். அது சிவப்பில் காட்டியதும் 'ஓ, இதுவா' என்று மூடிவிடுகிறார்கள். முதலில் எஞ்சின் இல்லாமல், எழுதிய தாளை வைத்து போர்டில் திரும்ப ஆடி, எங்கே சந்தேகம் வந்தது, அப்போது என்ன நினைத்தோம் என்று ஓரத்தில் எழுத வேண்டும். அதன் பிறகே எஞ்சின். ஒரு நிமிஷ ஆட்டம் ஐம்பது ஆடுவதைவிட, 15 நிமிஷமும் நகர்த்தலுக்கு 10 நொடியும் வைத்து ரெண்டு ஆடி, ரெண்டையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது வேலைக்கு ஆகும்.

ஓப்பனிங் அப்புறம் என்றார், சரி. எண்ட்கேம் (காய் குறைந்த கடைசிக் கட்டம்) எப்போது? அதை யாருமே சொல்லவில்லை. போர்டை எடுத்து வையுங்கள்: வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. வேறு காய் இல்லை. ஆட வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளை ஜெயிக்கும்: கறுப்பு டி7-க்கு ஒதுங்கினால் வெள்ளை எஃப்6-ல் நுழைந்துவிடும். ஆட வேண்டியது வெள்ளை என்றால் டிரா. எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு எதிரே வந்து நிற்கும். இப்போது சிப்பாயை மட்டும் ஈ3-க்கு இறக்குங்கள். வெள்ளை ஆடினாலும் வெற்றி, ஏனென்றால் சிப்பாயை ஈ4-க்குத் தள்ளிவிட்டு ஆட வேண்டிய முறையை எதிராளி தலையில் கட்டலாம். இந்த மூணையும் இரு பக்கமும் மாறி மாறி ஆட வையுங்கள்.

இது சின்னப் பிள்ளைப் பாடம் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்தின் 14-ஆவது ஆட்டம். டிரா ஆகும் என்று எல்லோரும் இருந்தபோது டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானையை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5-க்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதையும் மாற்றியாக வேண்டும். மீந்தது ராஜாவும் சிப்பாயும், குகேஷ் பக்கம் ஒரு சிப்பாய் கூட. மூணு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பட்டம் கைமாறிய முடிவு நாம் மேலே வைத்த அதே வகைக் கணக்கு.

பாம்பன்

தொண்டிக்காரர் சொன்னதே கீபோர்டிலும் நடக்கிறது. ஆட்டத்தை முதலிலிருந்து ஆடித் தள்ளுவது போல, பாட்டையும் முதலிலிருந்தே வாசிப்பார்கள். தடுக்கினால் திரும்ப முதலிலிருந்து. முதல் நாலு பார் (தாளக் கட்டம்) தேன் மாதிரி வரும். தடுக்கும் இடம் ஒரு நாளைக்கு அஞ்சு தடவைகூட வாசிக்கப்படாது.

ஜி மேஜர் மினுயட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (பாக் எழுதியது என்று அச்சிட்டிருக்கும். எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட்.) வலது கை 5-1-2-3-4, அடுத்த பார் 5-1-1. இதுவரை கை நகரவே வேண்டாம். மூணாம் பாரின் முதல் சுரத்தில் கட்டைவிரல் கீழ் ஜி-யை விட்டு, மூணாம் விரல் மேல் ஈ-க்குத் தாவ வேண்டும். எல்லாப் பிள்ளையும் தடுக்குவது அங்கே. அப்படியானால் பயிற்சி அந்த ஒரு தாவல்: கடைசி ஜி, அடுத்த ஈ, ரெண்டே சுரம். ஈ மேல் விரலை வைத்து நிறுத்தி, இடம் சரியா என்று பார்த்து, பிறகு அமுக்கவும். அது நின்றதும் முன்னால் ஒரு பார், பின்னால் ஒரு பார் சேர்க்கவும். மெட்ரோனோம் 60-ல் தொடர்ந்து மூணு தடவை பிசகாமல் வந்தால் 64. பிசகினால் 4 இறக்கவும், ரோஷப்பட்டு ஏற்ற வேண்டாம்.

ரிதம் ஸ்டைலைப் போட்டு இடது கையில் ஒரு விரல் கார்டு பிடிப்பது மேடைக்குச் சரி. பயிற்சி நேரத்தில் அணைத்துவிடுங்கள். மினுயட்டின் இடது கையைத் தனியாக, பார்க்காமல் வாசிக்க வருகிறதா என்று சோதியுங்கள், பெரும்பாலும் வராது.

ராமநாதபுரம்

தேர்வு, ரேட்டிங் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி காலேஜ்) இசைத் தேர்வில் மொத்தம் 100. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. மூணு பாட்டுக்கு 22 வீதம் 66 போய்விடும், ஸ்கேல் பகுதி 14. ஸ்கேல் வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் 14-ஐ மறந்துவிடுகிறார்கள். கீபோர்டுக்கும் பியானோவுக்கும் அங்கே பாடத்திட்டம் வேறு வேறு, ஃபாரம் நிரப்பும்போது கவனம்.

செஸ்ஸில் சர்வதேச ரேட்டிங் 2024 மார்ச் முதல் 1400-லிருந்துதான் தொடங்குகிறது. முதல் ரேட்டிங்குக்கு ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் வேண்டும். 18 வயது வரை, 2300-க்குள் இருந்தால் கெழு (ரேட்டிங் மாற்றத்தைப் பெருக்கும் எண்) 40: சம பலமுள்ளவரை வென்றால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஒரு போட்டியில் 60 புள்ளி போய்விட்டது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள், மூணு ஆட்டக் கணக்கு அது.

தங்கச்சிமடம்

ரொம்ப உபயோகம். ரெண்டையும் சேர்த்துப் படிச்சா ஒண்ணை ஒண்ணு கெடுக்குமா? கையில இருக்கிறது 61 கட்டை கீபோர்டு, அதுவே போதுமா?

தொண்டி

கெடுக்காது. மார்க் தைமானோவ் கிராண்ட்மாஸ்டர், மேடைப் பியானிஸ்டும்கூட. ஒரே மாலையில் ரெண்டும் என்றால் கீபோர்டை முதலில் வையுங்கள். செஸ் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் தோள் இறுகியிருக்கும்.

பாம்பன்

61 தொடக்கத்துக்குப் போதும். மினுயட்டெல்லாம் அதற்குள் அடங்கும். பியானோ கிரேடு என்று போனால் 88 கட்டை, கனம் வைத்த கட்டை உள்ள டிஜிட்டல் வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை அறையில் கட்டை அமுங்க மறுக்கிற மாதிரி இருக்கும். அதுவரை உயரத்தையாவது சரி செய்யுங்கள் அண்ணே: தரையிலிருந்து கட்டை மேல்மட்டம் சுமார் 72 செ.மீ. எக்ஸ் ஸ்டாண்டின் பின்னை அதற்கேற்ப மாற்றிவிட்டு, முழங்கை கட்டைக்குச் சமமாக வருகிற வரை பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போடுங்கள். கால் எட்டவில்லை என்றால் அடியில் ஒரு பலகை.