ஊராட்சித் தலைவருக்கு நிற்கும் வக்கீல்: வேலையை எங்கே தொடங்குவது?

வெண்ணாற்றுக்கரை:
மன்னார்குடி பக்கம் ஒரு ஊராட்சி. வன்கொடுமை வழக்கு, சுடுகாட்டுப் பாதை வழக்குன்னு நடத்துற வக்கீல் தலைவர் பதவிக்கு நிற்கிறார். வேலை பார்க்க இருபது பேர் இருக்கோம். சிங்கப்பூர்ல இருக்கிற ஊர்க்காரங்க பணம் அனுப்புறாங்க. போஸ்டரை இப்பவே அடிச்சிடலாமா?

தாழைமடல்:
போஸ்டர் கிடக்கட்டும் தோழர், முதல்ல அவரோட கேஸ் கட்டைப் பாருங்க. ஊராட்சிக்கு எதிரா ஆஜராகிற வக்கீல் அந்த ஊராட்சியில போட்டியிட முடியாது. 1994 ஊராட்சிகள் சட்டம் 37-ஆம் பிரிவு. பாதை வழக்குல ஊராட்சியே எதிர்மனுதாரரா இருந்தா, மனுத்தாக்கலுக்கு முன்னாடியே வக்காலத்திலிருந்து விலகி அதுக்கான கோர்ட் நகலை வாங்கிடணும். பரிசீலனை அன்னிக்கு எதிராளி தோண்டுறது இதைத்தான். வழக்குப் போட்ட ஜனங்களுக்கு வேற வக்கீலை அமர்த்திட்டு விலகச் சொல்லுங்க. அவங்களை அந்தரத்துல விட்டுட்டு எந்த முகத்தோட ஓட்டுக் கேட்கிறது?

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்க. போராட்ட வழக்கு இருந்தா குற்ற எண், ஸ்டேஷன், சட்டப்பிரிவு, கோர்ட் எல்லாம் உறுதிமொழிப் பத்திரத்துல வரணும். பழைய மறியல் கேஸைத்தான் மறந்துடுவாங்க.

குறுவைக்காரன்:
பணத்துல கவனம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கினவர் அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை. வேட்பாளர் தொடவே கூடாது, ஊராட்சித் தேர்தலுக்கும் இந்தத் தடை உண்டு. இந்திய பாஸ்போர்ட்லயே வேலை பார்க்கிறவர் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பலாம். யார் எந்தப் பாஸ்போர்ட்னு கேட்டுட்டு வாங்குங்க.

2019-ல தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. புது அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கங்க. இருபது பேருக்கு டீயும் டீசலும் இதுக்குள்ளதான். அன்னன்னைக்கே நோட்டுல ஏத்துங்க. முடிவு வந்து 30 நாளுக்குள்ள கணக்குக் கொடுக்கணும்.

கடைமடை:
தலைவர் தேர்தல் கட்சி சார்பில்லாதது, கட்சிக் கொடி கூடாது. மனு வாபஸ் முடிஞ்சதும்தான் சின்னம் கிடைக்கும், அதுக்கு முன்னாடி அடிச்ச நோட்டீஸ் வீண். வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம்னு ஓட்டுச் சீட்டு நாலு கொடுப்பாங்க, தலைவருக்கு இளஞ்சிவப்பு. மாதிரிச் சீட்டு காட்டி, ஒரே சின்னத்துல ஒரு முத்திரைன்னு வீடு வீடாச் சொல்லுங்க. ரெண்டுல குத்தினா செல்லாது.

நடவு, களை சமயத்துல காலையில தெருவுல ஆள் இருக்காது. சாயந்தரம் போங்க. அறுப்புக் காலமா இருந்தா கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டுக் காத்திருப்பாங்க, நிதானமாப் பேசலாம்.

வெண்ணாற்றுக்கரை:
பாதை வழக்குல ஊராட்சி ரெண்டாம் எதிர்மனுதாரர். இன்னிக்கே அவர்கிட்ட பேசுறோம்.