முப்பது புள்ளி வந்தால் சுரங்க அபராதம் கிடையாதா?

ஒயிட்ஃபீல்டு வாசி:
வணக்கம். பெங்களூரில் இருந்தபடி அமெரிக்க நிலக்கரிச் சுரங்கக் கோப்புகளைச் சரிபார்க்கும் அலுவலகமொன்றில் பணிபுரிகிறேன். அந்நாட்டின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சீரமைப்புச் சட்டத்தின்கீழ், ஒரு விதிமீறலுக்கான சிவில் அபராதத்தைப் புள்ளி முறையில் உத்தேசமாகக் கணக்கிட வேண்டியுள்ளது. வண்டல் குட்டையின் கரை உடைந்து, கலங்கல் நீர் பெர்மிட் எல்லைக்கு வெளியே ஓடையில் கலந்துவிட்டது. குறையைச் சரிசெய்யத் தந்த கெடுவின் கடைசி நாளன்று கரையைச் சீர்செய்துவிட்டார்கள். முந்தைய விதிமீறல் நோட்டீஸ்கள் மூன்றுக்கு 3 புள்ளி, பாதிப்பு நிகழ்ந்தே விட்டதால் 15, அதன் அளவுக்கு 10, கவனக்குறைவுக்கு 10 என்று கூட்டி, நல்லெண்ணத்துக்காக 8 கழித்ததில் 30 வந்தது. 31 முதல்தான் அபராதம் என்பதால் தொகை ஏதுமில்லை என்று எழுதிவிடலாமா? அந்த மூன்று நோட்டீஸ்களில் ஒன்றின் மீதான மேல்முறையீடு இன்னும் முடியவில்லை.

பழைய ஆடிட்டர்:
எழுதிவிடாதீர்கள். முதலில் அந்த 8 நிற்காது. கெடுவுக்கு முன்பாகவே, வழக்கத்தை மீறிய முயற்சி எடுத்துக் குறையைத் தீர்த்தவர்களுக்குத்தான் 1 முதல் 10 வரை கழிவு உண்டு. கெடுவுக்குள் முடிப்பது அவர்களுடைய கடமை என்பதால் அதற்குப் பூஜ்யமே. மேல்முறையீட்டில் உள்ள நோட்டீஸை இப்போது எண்ணக் கூடாது என்பதால் முன்வரலாறு 2 ஆகிறது. பணி நிறுத்த உத்தரவு ஏதேனும் இருந்திருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு மீறலுக்கும் 5 சேர்ந்திருக்கும். பாதிப்பு எல்லைக்குள் அடங்கினால் 0 முதல் 7, வெளியே சென்றால் 8 முதல் 15 என்பதால் உங்கள் 10 பொருந்துகிறது. கவனக்குறைவுக்கான 10-ஐ மட்டும் ஆய்வாளரின் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கவனக்குறைவுக்கு 12, அதற்கும் மேற்பட்டதற்கு 25 என்பவை உச்சவரம்புகளே தவிர, நிலையான எண்கள் அல்ல. ஆக, மொத்தம் 37.

இன்னொன்று, 30 என்பது விலக்கு அன்று. 31-உம் அதற்கு மேலும் வந்தால் அபராதம் விதித்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே விதிக்கலாம் என்ற விருப்புரிமை அதிகாரிக்கு உண்டு. தொகையை நடப்பு ஆண்டின் அட்டவணையில் பாருங்கள். சட்டம் முதலில் வைத்த 5,000 டாலர் உச்சவரம்பு பணவீக்கத்தோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

அல்சூர்க்காரர்:
நம் பல்லாரி இரும்புத்தாது வழக்கில் இந்தப் புள்ளிகளுக்கு இடமே இல்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்ற கணக்குப்படி, 'பி' பிரிவுக் குத்தகைதாரர் (எல்லை மீறல் ஓர் அளவுக்குள் இருந்தவர்) எல்லை மீறித் தோண்டிய குழிக்கு ஹெக்டேருக்கு 5 கோடி ரூபாய், கழிவு மண் கொட்டிய இடத்துக்கு 1 கோடி. சர்வே எல்லை எங்கே என்பதில்தான் சண்டையெல்லாம்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
நன்றி ஐயா. 37 என்று திருத்திவிட்டேன். மேல்முறையீட்டில் நிறுவனம் தோற்றால் அந்த நோட்டீஸை இதே கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பழைய ஆடிட்டர்:
வேண்டாம். அது முடிந்தபின் ஓராண்டுக்குள் மதிப்பிடப்படும் மீறல்களின் முன்வரலாற்றில்தான் எண்ணப்படும்; ரத்தானால் எதிலும் வராது.