கண்ணாடிக் கூரை வேலையில் உங்களுக்கு நடந்தது

தஞ்சை_சைட்டு:
பைபாஸ் ஓரம் ஒரு கல்யாண மண்டபம். முகப்புக் கூரையில் நேர்க்கோடே கிடையாது, அலை அலையாக இரும்புச் சட்டம், மேலே முக்கோணக் கண்ணாடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

வைகாசி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. முட்டுகளை எல்லாம் எடுத்தாச்சு, கண்ணாடி வரிசையாக உட்கார்ந்துகொண்டே வருகிறது. நடு வளைவில் ஒன்று மட்டும் உட்காரவில்லை. ஒரு மூலை இடிக்கிறது, 4 மில்லி இருக்கும். கண்ணாடிக்காரப் பையன் அதைக் கீழே இறக்கிக் கட்டைமேல் வைத்தான். "லேசா ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும் சார்" என்று மூலையில் கிரைண்டரைத் தொட்டான். "டேய், டஃபன்ட் கிளாஸ்டா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம். டஃபன்ட் என்றால் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, அதற்கப்புறம் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. கண்ணாடி முழுக்கக் கல்கண்டாகக் கொட்டிவிட்டது. பையன் கையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எதிரே ஒன்றுமில்லை. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

எங்கள் வெல்டர் அண்ணன் முதலிலேயே சொன்னார், "உச்சி வெயில்ல அளவு எடுக்க விடாதீங்க தம்பி, இரும்பு நீளும்" என்று. கண்ணாடிக் கம்பெனி ஆட்கள் பதினோரு மணிக்கு மேல்தான் வந்து அளந்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆரூர்_ஸ்ட்ரக்சர்:
வெயில்மேல் பழி போடாதீர்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லி நீளும். விடியலுக்கும் உச்சிக்கும் 35 டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் சட்டம் 12 மில்லி சொச்சம் நீளும், சரி. ஆனால் ஒரு முக்கோணத்தின் பக்கம் எவ்வளவு? ஒன்றரை மீட்டர் என்றால் 0.6 மில்லிதான். அப்புறம் 4 மில்லி எங்கிருந்து வந்தது? வெல்டிங் இழுப்பு! அடித்த இடம் ஆறும்போது சுருங்கி இரும்பை இழுக்கும். முக்கோண வலையில் ஒரு முடிச்சில் ஆறு சட்டம் வந்து சேரும். ஒரு பக்கமாகவே அடித்துக்கொண்டு போனால் முடிச்சு திரும்பத்தான் செய்யும். எதிரெதிராக, விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

வெயிலின் நீட்டம் முழுசாகத் தெரிகிற இடம் சட்டம் சுவரில் உட்காரும் இடம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் முற்றத்தின் மேல் 3,312 முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, 2000இல் திறந்தார்கள். அந்தக் கூரையே சறுக்கும் தாங்கிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய சுவரைத் தள்ளக்கூடாதே. நம் ஊரில் நாலு மூலையிலும் சட்டத்தின் அடித்தகட்டை (பேஸ் பிளேட்) இறுக்கி முடுக்கிவிட்டு, பிளாஸ்டரிங் வெடித்தால் கொத்தனாரைத் திட்டுகிறோம்.

முக்கோணமே வேண்டாம் என்பது என் கட்சி. ஜெர்மனியில் ஹம்பர்க் நகர அருங்காட்சியகத்தின் முற்றத்துக்கு 1989இல் ஷ்லைக் என்ற பொறியாளர் நாற்கோண வலைதான் போட்டார். முடிச்சுக்கு நாலே சட்டம், குறுக்கே கேபிள். ஆனால் இஷ்டத்துக்கு வளைத்தால் நாற்கோணக் கண்ணாடி தட்டையாக உட்காராது, வடிவத்தை முதலிலேயே யோசித்து வரைய வேண்டும். வரைகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தால்தானே.

என் கதை என்று பெரிதாக இல்லை. நாகூர்ப் பக்கம் ஒரு கடை முகப்பு, வெல்ட் அடித்த மறுநாள் சட்டம் ஒரு விரல் அகலம் திரும்பி நின்றது. அவ்வளவுதான்.

குடந்தை_முற்றம்:
நான் வேலை செய்பவன் இல்லை, செய்துகொண்டவன். பழைய ஓட்டு வீட்டு முற்றத்தை, குரங்குத் தொல்லை தாங்காமல், வளைவாகக் கண்ணாடி போட்டு மூடினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சித்திரை வந்தது. தாழ்வாரத்தில் மதியம் படுக்கிற அப்பாயி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டது. "என்னைய வேக வைக்கவாடா இதைப் போட்ட?" இப்போது சட்டத்தை ஒரு அடி தூக்கி, சுற்றிலும் காற்று போக வழி விட்டிருக்கிறோம். குரங்கு அதன் வழியாக வருகிறது.

வேதை_கடலோரம்:
கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. நான் வேலை பார்த்த விடுதி வாசலில் சின்னக் கண்ணாடிப் பந்தல் ஒன்று இருந்தது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால், ஒரு தென்னை மட்டை அடிப்பக்கமாகக் கண்ணாடியில் குத்தி நிற்கிறது. மேல் கண்ணாடி, கீழ்க் கண்ணாடி இரண்டும் நொறுங்கி, நடுவில் இருந்த பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் மட்டும் எல்லாவற்றையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு துண்டு விழவில்லை.

தஞ்சை நண்பரே, உங்களுடையது கொட்டிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஒற்றை டஃபன்ட். தலைக்கு மேல் அதைப் போட யார் சொன்னது? கிரைண்டரே வேண்டாம், உள்ளே நிக்கல் சல்பைடு துணுக்கு ஒன்று இருந்தால் யாரும் தொடாமலே ஒருநாள் வெடிக்கும். எங்களுடையது மாதிரி நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் போடுங்கள். டஃபன்ட் வாங்கும்போது ஹீட் சோக் செய்ததா, அதாவது வெடிக்கிறது முன்னாடியே வெடிக்கட்டும் என்று ஆலையில் சூட்டில் வைத்துப் பார்த்ததா என்று கேளுங்கள். கடல் பக்கம் என்றால் இன்னொன்று. துத்தநாகம் பூசிய கால்வனைஸ் சட்டத்தில் சைட்டில் வெல்ட் அடித்தால் அந்த இடத்துத் துத்தநாகம் போய்விடும், உப்புக்காற்று துருவை அங்கேதான் தொடங்கும். காற்று அமுக்குவதைவிடத் தூக்குவதுதான் பயம், சட்டத்தைக் கட்டடத்தோடு பிடித்து வைக்கும் ஆங்கர் போல்ட்டில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

தஞ்சை_சைட்டு:
ஒற்றைதான். ஓனர் செலவைக் குறைத்தார், நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஆரூர்க்காரர் கணக்கை வெல்டர் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த முடிச்ச அடிச்சது சின்னவன். அன்னிக்கு நான் பட்டுக்கோட்டையில ஒரு காதுகுத்துல இருந்தேன்" என்றார்.