எஸ்ஸன் ஷ்பீல் கண்காட்சிக்குக் குழந்தைகள், அம்மா, நண்பர்களோடு போவது எப்படி?

மீனா_கொலோன்:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் நடக்கிற ஷ்பீல் போர்டு கேம் கண்காட்சிக்கு இந்த முறை கூட்டமாகக் கிளம்புகிறோம். நானும் கணவரும் முன்பு இரண்டு பேராகப் போயிருக்கிறோம், கதவு திறந்ததும் உள்ளே நுழைந்து சாயங்காலம் வரை நின்றபடியே சுற்றி, பையை நிரப்பிக்கொண்டு வருவோம். இப்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து ஒரு நண்பர் குடும்பமும் வருகிறது. நண்பருக்கு மூன்று நான்கு மணி நேரம் ஓடுகிற கனமான ஆட்டங்கள்தான் பிடிக்கும். அம்மா தாயமும் பல்லாங்குழியும் பிரமாதமாக ஆடுவார், ஆனால் ஜெர்மன் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது, முழங்கால் வலி வேறு.

எந்த நாள் போகலாம், நான்கு வயதுப் பையனுக்கு அங்கே என்ன இருக்கிறது, அம்மா உட்கார்ந்து ஆடுகிற மாதிரி எந்த ஆட்டங்களைத் தேடலாம், நண்பரையும் எப்படி ஏமாற்றமில்லாமல் அனுப்பி வைப்பது? யாரோ ஒருவர் பைகளுக்குக் காவலாக மூலையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் ஆடுவது எனக்கு வேண்டாம். எல்லோரும் ஆட வேண்டும், அம்மாவும்தான்.

ரூர்க்கரை:

எஸ்ஸனில்தான் இருக்கிறேன். ஒரு சிறிய பதிப்பகத்தின் ஸ்டாலில் வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை செய்திருக்கிறேன், அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நாள். சனிக்கிழமையைத் தொடவே தொடாதீர்கள். 2024-ல் நான்கு நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், சனிக்கிழமை நடைபாதையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. வியாழக்கிழமை காலையில் புது வெளியீடுகளுக்காக வருகிறவர்கள் பெரிய பதிப்பகங்கள் இருக்கிற மூன்றாம் அரங்கை நோக்கி ஓடுவார்கள். உங்களுக்கு ஏற்றது வெள்ளிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல். ஞாயிறு மூன்று மணிக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவதால் மேசைகள் காலியாகும், ஆறு மணி வரை நேரமும் இருக்கிறது. வெள்ளி என்றால் பள்ளி விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே விளையாட்டுக் கண்காட்சிக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. 2025-ல் கண்காட்சி அக்டோபர் 23-லிருந்து 26 வரை, இலையுதிர் விடுமுறைக்குள்ளேயே வந்தது. 2024-ல் அப்படி இல்லை, வியாழன் மட்டும் அக்டோபர் 3 தேசிய விடுமுறை, வெள்ளி பொது விடுமுறை இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். காரில் வராதீர்கள், எஸ்ஸன் மெயின் ஸ்டேஷனிலிருந்து யூ11 நகர ரயில் நேராக வாசலுக்குக் கொண்டுவந்து விடும்.

இனி முக்கியமானது. மேசை கிடைப்பதுதான் அங்கே எல்லாம். ஒன்றரை மணி நேர ஆட்டம் ஓடுகிற மேசைக்குப் பக்கத்தில் குழந்தையோடு காத்து நிற்பதில் பயனில்லை, உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பதினைந்து இருபது நிமிட ஆட்டங்கள் இருக்கிற ஸ்டால்களுக்குப் போங்கள், மேசை வேகமாக மாறும். உட்கார்ந்ததும் சொல்லிக்கொடுப்பவரிடம், அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லப் போகிறேன், பையனுக்கு நான்கு வயது என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி. விதிகளைச் சுருக்கி, முதல் சுற்றைக் காயை நகர்த்திக் காட்டியே ஆரம்பித்துவிடுவோம். பாதியில் எழுந்துபோனாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எனக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்காருகிற குடும்பம் வந்தால் ஸ்டாலில் இருக்கிறவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம், அவர்கள் அந்த ஆட்டத்தைச் செய்ததே அதற்காகத்தான்.

பெட்டிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஜெர்மனியில் 1979-லிருந்து ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், பெட்டியில் காய் வடிவ முத்திரை இருக்கும். சிவப்பு குடும்பங்களுக்கு, நீலம் குழந்தைகளுக்கு, கருஞ்சாம்பல் பழகிய ஆட்டக்காரர்களுக்கு (அது 2011-ல் வந்தது). பையனுக்கு நீலத்தைத் தேடுங்கள். ஹாபா நிறுவனத்தின் மஞ்சள் பெட்டிகளும் அவனுக்குத்தான், அவர்களுடைய 'ஓப்ஸ்ட்கார்டன்' 1986-லிருந்து வருகிறது, காக்கை வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து பழங்களைப் பறிக்க வேண்டும், தோற்றால் எல்லோரும் தோற்பதால் அழுகை குறைவு.

நெக்கர்வாசி:

ரூர்க்கரை சொன்ன எல்லாம் சரி, ஆனாலும் நான் ஒத்துப்போகவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு எஸ்ஸன் தேவையா? அரங்குகளின் இரைச்சலில் பெரியவர்களுக்கே மதியத்துக்குள் தலை வலிக்கும். ஒவ்வொரு மேசையிலும் இருக்கிற வண்ண வண்ணக் காய்களைத் தொடக் கூடாது என்று நாள் முழுக்க ஒரு குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருப்பது அதற்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை. நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் நடக்கிற விளையாட்டுக் கண்காட்சி குடும்பங்களுக்கு எவ்வளவோ மேல். அதைவிட, உங்கள் ஊர் நகர நூலகத்திலேயே போர்டு கேம்கள் இரவல் கிடைக்குமே. இரண்டு பெட்டி எடுத்து வந்து அம்மாவோடும் பிள்ளைகளோடும் வீட்டில் ஆடிப் பாருங்கள், எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு எஸ்ஸனைப் பற்றி யோசிக்கலாம். அது அடிப்படையில் புதிது புதிதாக விற்கிற சந்தை.

ரூர்க்கரை:

நூலக யோசனை அருமை, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் சந்தை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சிதான் வியாபாரிகளுக்கானது, பொதுமக்கள் உள்ளே போக முடியாது. எஸ்ஸன் 1983-ல் ஆரம்பித்ததிலிருந்தே உட்கார்ந்து ஆடிப் பார்க்கிற இடம். நாள் முழுக்க எதுவும் வாங்காமல் ஆடிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

இரைச்சல் பற்றிச் சொன்னது மறுக்க முடியாத உண்மை. அதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது, கண்காட்சியை ஒட்டியே க்ரூகா பூங்கா, விளையாட்டுத் திடல், விலங்குகள் எல்லாம் உண்டு. ஒரு பெரியவர் பையனோடு இரண்டு மணி நேரம் அங்கே, பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு மட்டும் மறக்க வேண்டாம், அக்டோபர்.

டோர்ட்மண்ட்_யாழ்:

அக்கா, அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கட அம்மாவும் முதலில் "எனக்கு அங்க என்ன வேலை" என்றுதான் கேட்டவா. ஒரு மரவிளையாட்டுக் கடையில் கலாஹா பலகையைக் கண்டதும் அப்படியே இருந்திட்டா. பல்லாங்குழி தெரிந்த ஆளுக்கு அதை விளங்கப்படுத்த இரண்டு நிமிடம் போதும். ஆளுக்கு ஏழு குழிக்குப் பதில் ஆறு, ஓரத்தில் சேமிக்கிற பெரிய குழி, கடைசிக் காய் தன்ர பெரிய குழியில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து ஆடுகிற பழக்கத்தை மட்டும் விட வேணும், அதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரில் இருந்த ஜெர்மன்காரப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் ஒரு பொது வார்த்தை இல்லை, ஆனால் மூன்று ஆட்டம் ஆடினவை.

அதேபோல தாயம் ஆடுகிறவர்களுக்கு 'மென்ஷ் எர்கரே டிஷ் நிஷ்ட்' பார்த்தவுடனே பிடிபடும், 1914-லிருந்து பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஜெர்மன் ஆட்டம் என்றாலும் வேர் தாயத்தைப் போன்ற எங்கட பழைய பச்சிசி ஆட்டம்தான். எழுத்தே இல்லாத ஆட்டங்களாகத் தேடுங்கோ. ஆசூல் நல்லது, ஓடுகளைப் பொறுக்கிக் கோலம் மாதிரி வரிசையாக அடுக்க வேணும். குவிர்க்கிள் இன்னும் லேசு, ஆறு நிறம், ஆறு வடிவம், அவ்வளவுதான். கரம்போர்டு (கேரம்) ஆடின கை இருந்தால் க்ரோகினோல் பலகையைத் தேடிப் பிடியுங்கோ, கனடாவில் பிறந்த ஆட்டம், வட்டப் பலகையில் விரலால் கட்டையைச் சுண்டி எட்டு முளைகளுக்கு நடுவால் நடுக்குழியில் போட்டால் இருபது புள்ளி. அதில் அம்மா உங்கட நண்பரையே வெல்லக்கூடும்.

முழங்காலுக்கு: ஒரு அரங்கிலிருந்து அடுத்ததுக்கு அம்மாவை நடத்திக்கொண்டு திரியாதேங்கோ. ஒரே ஒரு அரங்கைத் தெரிவு செய்து அங்கேயே நாளைக் கழியுங்கோ, மடக்குக் கதிரை ஒன்றும் கொண்டு போங்கோ. சாப்பாட்டுக்கு வரிசை நீளம், மரக்கறிக்காரருக்கு அநேகமாகப் பொரித்த உருளைக்கிழங்குதான். நாங்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போறனாங்கள்.

பகடை_பன்னிரண்டு:

நண்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நானும் அந்த மாதிரி ஆள்தான், அதனால் அவர் பக்கம் பேசுகிறேன். அவரை எல்லோரோடும் நாள் முழுக்கக் கட்டிப் போடாதீர்கள். வியாழனோ வெள்ளியோ காலை முழுக்க அவருக்கும் உங்கள் கணவருக்கும் விட்டுவிடுங்கள், அவர்கள் எங்கே வேண்டுமானாலும் காத்திருந்து ஆடட்டும். இன்னொரு நாள் நீங்களும் அவருடைய மனைவியும் அப்படிப் போங்கள், அன்று பிள்ளைகள் ஆண்கள் பொறுப்பு. இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும், கண்காட்சி நடைபாதையில் நின்று பேச ஆரம்பித்தால் மனக்கசப்புதான்.

எல்லோரும் சேர்ந்து ஆடுவதைச் சாயங்காலம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேமல் அப் எட்டுப் பேர் வரை ஆடலாம், ஒட்டகப் பந்தயம், கத்திக் கூச்சல் போட்டு ஆடுகிற ஆட்டம். டிக்ஸிட் முழுக்கப் படங்கள், கதையை நீங்கள் தமிழிலேயே சொல்லலாம், அம்மா சொல்கிற குறிப்பு மற்றவர்கள் யோசிக்காத திசையிலிருந்து வரும். ஜஸ்ட் ஒன் விதியை எடுத்துக்கொண்டு தமிழிலேயே சீட்டு எழுதி ஆடுங்கள்: ஒருவர் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுதுவார்கள், இரண்டு பேர் ஒரே குறிப்பை எழுதினால் இரண்டும் அடிபடும். ஏழு பேர் வரை ஆடலாம். மல்லிகை, ஜிகர்தண்டா, தெப்பக்குளம் என்று சொற்களை நீங்களே எழுதிப் போடுங்கள், ஒன்பது வயதுப் பெண்ணின் தமிழும் அதில் நன்றாக வளரும்.

மீனா_கொலோன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நெக்கர்வாசி சொன்னபடி இந்த வாரமே நூலகத்திலிருந்து ஆசூலும் குவிர்க்கிளும் எடுத்து வருகிறேன். வெள்ளி ஆண்களுக்கு, சனி நானும் தோழியும் (கூட்டம் பரவாயில்லை, எங்களோடு பிள்ளைகள் இல்லை), ஞாயிறு மதியம் அம்மா, பிள்ளைகள் எல்லோரும் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன், நண்பருக்கும் சம்மதம். ஞாயிறு எந்த அரங்கு என்பதை அரங்கு வரைபடம் வந்ததும் முடிவு செய்கிறோம். கலாஹா, க்ரோகினோல் இருக்கிற ஸ்டால்கள் எங்கே என்று தெரிந்தால் யாராவது இங்கேயே எழுதுங்கள்.

ரூர்க்கரை:

வரைபடம் வந்ததும் பார்த்து எழுதுகிறேன். இன்னொன்று, கூட்ட நேரத்தில் போன் சிக்னலை நம்பாதீர்கள். சந்திக்கிற இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லி வையுங்கள், மகளுடைய சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றும் இருக்கட்டும்.