ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நீலநிற மண்புழு: புது இனம் என்று எப்போது சொல்லலாம்?

ஈரமண்

வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம். ப்ராஜெக்டுக்காக ஏற்காட்டில் எங்கள் அம்மாயியின் காப்பித் தோட்டத்தில் மண்புழு எடுத்தேன். சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, கீழே ஒரு சின்ன ஓடை, அந்த மாதிரி தோட்டம். 25-க்கு 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம் தோண்டி கையாலேயே பிரித்து எடுப்பது, எல்லாரும் செய்கிற முறைதான்.

மேலே கிடைத்ததெல்லாம் தெரிந்த முகங்கள். ஓடைக்கரையில் தோண்டிய இரண்டு குழிகளில் மட்டும் வேறு மாதிரி 9 புழுக்கள் வந்தன. முதுகு கருநீலம், வயிறு வெளிர் சாம்பல், தொட்டால் சுருங்கிக் கட்டையாகிவிடுகிறது. நீளம் 14 முதல் 22 செ.மீ. வரை. கண்டத்துக்கு (உடல் வளையத்துக்கு) 8 சீட்டா (நுண்முள்), இரண்டிரண்டாக நெருங்கி இருக்கின்றன. முதுகுப்புறத் துளைகள் இல்லை. கிளைடெல்லம் (முதிர்ந்த புழுவில் இருக்கிற தோல் வளையம்) ஒன்றிலும் தெரியவில்லை. டிராவிடா பேரினம் வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை. இந்திய மண்புழுக்கள் பற்றி ஜுல்கா எழுதிய 1988 புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை.

எங்கள் துறையில் ஒருவர் "எதிலும் பொருந்தவில்லை என்றால் புது இனம்தான், சீக்கிரம் எழுதி அனுப்பு, வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்" என்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. புது இனம் என்று சொல்ல எத்தனை புழு வேண்டும்? டிஎன்ஏ கட்டாயமா? அம்மாயி பெயரை வைக்க முடியுமா? (இதை முதலில் கேட்டிருக்கக் கூடாதுதான்.)

பழைய வாத்தியார்

வாம்மா. முதலில் ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. ஜுல்காவின் 1988 புத்தகம் ஆக்டோகீட்டிடே குடும்பத்துக்கு மட்டும் எழுதியது. உன்னுடையது டிராவிடா என்றால் அது மோனிலிகாஸ்ட்ரிடே குடும்பம். அந்தப் புத்தகத்தை வருடம் பூராவும் புரட்டினாலும் அதில் டிராவிடா கிடைக்காது. ரேஷன் கடைப் பட்டியலில் பாஸ்போர்ட் எண்ணைத் தேடுகிற கதை. "எதிலும் பொருந்தவில்லை" என்று சொல்வதற்கு முன்னால் எதிலெதில் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ஸ்டீபன்சன் 1923-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதி, கேட்ஸ் 1972-இல் எழுதிய பர்மா மண்புழுக்கள், அதற்குப் பிறகு கேரளத்திலிருந்து வந்துகொண்டிருக்கிற கட்டுரைகள், இவை மூன்றையும் பார்க்காமல் டிராவிடாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது, நீ தோண்டிய மலை. ஏ. ஜி. போர்ன் என்று ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனவர். அவர் 1886-இலேயே நீலகிரி, சேர்வராயன் மலைப் புழுக்களைப் பற்றி லண்டன் விலங்கியல் சங்க இதழில் எழுதிவிட்டார். சேர்வராயன் என்றால் உன் ஏற்காடுதான். அது முதற்குறிப்பு என்று சொல்லியே வெளியிட்டது, இன்றைக்கு நாம் கேட்கிற விவரம் எல்லாம் அதில் இருக்காது. ஆனால் விவரம் குறைவு என்பதற்காகப் பெயர் செல்லாமல் போகாது. உன் நீலப்புழு அந்தப் பழைய பெயர்களில் ஒன்றாகவே இருந்துவிட்டால், நீ புதிதாக வைக்கிற பெயர் வெறும் மறுபெயராகிப் பட்டியலில் அடியில் கிடக்கும். அதனால் முதல் வேலை அதை எடுத்துப் படிப்பது.

இப்போது புழுவுக்கு வருவோம். கிளைடெல்லம் தெரியவில்லை என்கிறாயே, அது உன் தவறில்லை. பிளஸ் ஒன் பாடத்தில் படித்த லாம்பிட்டோ மாரிட்டியை மனதில் வைத்துக்கொண்டு 14 முதல் 17-ஆம் கண்டம் வரை தடித்த வளையம் தேடியிருப்பாய். டிராவிடாவில் அந்தத் தோல் ஒரே அடுக்குச் செல், தடித்துத் தெரியாது, நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும், அதுவும் 10 முதல் 13 வரை. லென்ஸை அங்கே கொண்டுபோ. ஆண் இனத்துளை 10-க்கும் 11-க்கும் இடையிலுள்ள பள்ளத்தில், விந்து கொள்பைத் (இணைப்புழுவின் விந்தைச் சேமிக்கிற பை) துளை 7-க்கும் 8-க்கும் இடையில். இவை தெரியாத புழு குஞ்சு. குஞ்சை வைத்து இனம் சொல்ல முடியாது, புது இனம் சொல்லவே முடியாது.

நீளம், நிறம் இரண்டையும் எழுதிக்கொள், ஆனால் அவற்றை நம்பாதே. புழு இழுத்தால் நீளும், பயந்தால் சுருங்கும், வால் அறுந்து மறுபடி வளர்ந்திருந்தால் கண்டக் கணக்கும் பொய். நீலம் என்பதும் பெரிய அடையாளம் இல்லை, டிராவிடா நிலம்பூரென்சிஸ் என்கிற இனமும் நீலம்தான். டிராவிடாவில் ஒரு இனத்தையும் இன்னொன்றையும் பிரிப்பது உள்ளேதான் இருக்கிறது: அரைவைப்பை எத்தனை, எந்தெந்தக் கண்டத்தில், விந்து கொள்பையோடு சேர்ந்த அறை என்ன வடிவம், எந்தக் கண்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, புராஸ்டேட் சுரப்பி எப்படி, விந்துக் குழல் சுருண்டிருக்கிறதா நேராகப் போகிறதா. மூணாறுப் பக்கத்துச் சோலைப் புல்வெளியிலிருந்து 2017-இல் ஒரு டிராவிடாவை விவரித்தார்கள், உள்ளே இருந்த பல கிளைப்பைகளை வைத்துப் பாலிடைவர்டிகுலேட்டா என்றே பெயர். வெளியே பார்த்து அதை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதுகில் நட்டநடு இரத்தக்குழாயை விட்டு ஒரு மயிரிழை தள்ளி வெட்டு. முன்பக்கம் 30 கண்டம் போதும். திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்.

மிளகுக்கொடி

எனக்கு இந்தச் சீட்டா கீட்டா எல்லாம் தெரியாதுங்க. ஏற்காட்டில்தான் தோட்டம். நீங்கள் சொல்கிற நீலப் புழு எங்கள் பக்கமும் உண்டு. காப்பிச் செடிக்கு அடியில் வராது, ஓடையை ஒட்டின கறுப்பு மண்ணில்தான். கோடையில் ஒரு முழத்துக்குக் கீழே போய் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும், முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் மேலே வந்து நெளியும். அப்போது போனால் குழியே தோண்ட வேண்டாம். சின்ன வயதில் தூண்டிலுக்கு எடுப்போம், மீன் அவ்வளவாகக் கடிக்காது.

ஒன்று கேட்கணும், இதை மண்புழு உரத் தொட்டியில் விட்டால் வேலை செய்யுமா? இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன், செத்துப்போச்சு.

வால்துண்டு

நான் டிஎன்ஏ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஈரமண், புழுக்களை எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள், வாரத்துக்கு ஒருவர் அப்படித்தான் வருகிறார்கள். ஃபார்மலினில் ஊறிய புழுவிலிருந்து நல்ல டிஎன்ஏ எடுப்பது குதிரைக்கொம்பு.

டிஎன்ஏ சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு நல்ல இதழ் கேட்காமல் விடாது, கேட்பதும் நியாயம்தான். உலகத்திலேயே அதிகம் பேர் வெட்டிப் பார்த்த புழு லம்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ், லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்தது. 250 வருடம் கழித்து, 2010-இல், இனம் பிரிக்கப் பயன்படுகிற சிஓஐ மரபணுவைப் படித்துப் பார்த்தால் அந்தப் பெயருக்குள் இரண்டு இனம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் இரண்டாவதற்குப் புதுப் பெயர் வைக்கவில்லை. சாவிஞி 1826-இல் வைத்து, பிறகு எல்லாரும் ஒதுக்கிவிட்ட ஹெர்குலியஸ் என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். வாத்தியார் ஐயா பழைய பெயரைத் தேடச் சொல்வது இதற்குத்தான்.

ஆனால் ஒன்று, டிஎன்ஏ போட்டாலே தீர்ப்பு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒப்பிட எதிர்ப்பக்கம் ஏதாவது இருக்க வேண்டும். 1886-இல் பெயர் வைத்த புழுவுக்கு சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) ஏது? சிஓஐ-யில் நீங்கள் படிக்கிற 658 எழுத்து தனியாக நிற்கும், "பொதுத் தரவில் இதுபோல் இல்லை" என்று மட்டும் சொல்லும். இல்லை என்பதும் புதிது என்பதும் ஒன்றல்ல.

மிளகுக்கொடி அண்ணா, உரத் தொட்டிக்கு விடுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே மாதிரி சாணத்திலும் குப்பையிலும் வாழ்கிறவை. டிராவிடா பெரும்பாலும் மண்ணைத் தின்று மண்ணுக்குள் இருக்கிற ஜாதி, தொட்டிச் சூட்டில் நிற்காது. விட்டுவிடுங்கள், பாவம்.

ஈரமண்

ஃபார்மலின்தான். ஒன்பதும். ஆய்வக உதவியாளர் அண்ணா நல்லது செய்வதாக நினைத்து, நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் போட்டுவிட்டார். நீலம் எல்லாம் போய் இப்போது சாம்பல்தான் இருக்கிறது, உயிரோடு இருந்தபோது எடுத்த இரண்டு போன் படம் மட்டும் மிச்சம்.

ஐயா, லென்ஸில் பார்த்தேன். 9-இல் 6 குஞ்சு. மூன்றில்தான் 10-11 பள்ளத்தில் சின்ன மேடு மாதிரி தெரிகிறது, 10 முதல் 13 வரை தோல் கொஞ்சம் வெளிறி இருக்கிறது, நீங்கள் சொல்லாவிட்டால் கவனித்தே இருக்க மாட்டேன். இரண்டைத் திறந்தேன். ஒன்றை வெட்டும்போது கெடுத்துவிட்டேன். இன்னொன்றில் அரைவைப்பை மூன்று. விந்து கொள்பை அறை விரல் மாதிரி நீண்டு 7-ஆம் கண்டத்துக்குள் போகிறது. ஸ்டீபன்சனில் பார்த்துக்கொண்டே வந்தால் இரண்டு இனம் கிட்டத்தட்ட வருகிறது, ஒன்றில் அரைவைப்பைக் கணக்கு ஒத்துவருகிறது, அறையின் வடிவம் வரவில்லை. இன்னொன்றில் நேர்மாறு.

இதை வைத்து எழுதலாமா, வேண்டாமா?

பழைய வாத்தியார்

வேண்டாம். இப்போது வேண்டாம்.

வருத்தப்படாதே, மூன்று முதிர்ந்த புழுவில் ஒன்றைச் சரியாகத் திறந்து இவ்வளவு சொன்னதே பெரிது. ஆனால் ஒரே ஒரு புழுவில் பார்த்த அறை வடிவம் இனத்தின் வடிவமா, அந்தப் புழுவின் வடிவமா? அரைவைப்பை எண்ணிக்கைகூட டிராவிடாவில் ஒரே இனத்துக்குள் ஒன்றிரண்டு கூடும் குறையும். இன்னும் எட்டுப் பத்து முதிர்ந்தது வேண்டும். மிளகுக்கொடி சொன்னாரே, பெருமழைக்கு மறுநாள் காலை. நான் முப்பது வருடம் மண்வெட்டியோடு அலைந்து தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வடகிழக்குப் பருவமழைக்குப் போ. அவர் தோட்டத்திலும் எடு, இரண்டு இடம் கிடைக்கும்.

இந்த முறை வரிசையாகச் செய். உயிரோடு வெளிச்சத்தில் படம், நிறம் எழுதிக்கொள்வது. கழுவித் தட்டில் தண்ணீரில் விட்டு, எத்தனாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மயக்கு, ஒரேயடியாக ஊற்றினால் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய புழுவில் கண்டம் எண்ணுவது நரகம். அசைவு நின்றதும் வால்நுனியில் ஒரு துண்டு வெட்டித் தனிக் குப்பியில் சுத்த எத்தனாலில். உடம்பை நேராக நீட்டிப் படுக்கவைத்து ஃபார்மலின். இரண்டுக்கும் ஒரே எண். சீட்டை பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடு, வெளியே ஒட்டினதெல்லாம் உரிந்துவிடும், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

அதற்குப் பிறகும் புதிதாகவே நின்றால், நல்ல முழுப் புழு ஒன்றை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, என்று குறிக்க வேண்டும். அது எந்த அருங்காட்சியகத்தில், எந்தப் பதிவு எண்ணில் இருக்கிறது என்று கட்டுரையில் எழுத வேண்டும். 1999-க்குப் பிறகு இப்படி ஆதார மாதிரி எதுவும் குறிக்காத புது இனப் பெயர் செல்லாது, விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதி அது. நம் நாட்டில் 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் இருக்கிறது, புது இனம் கண்டால் குறிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சாந்தோமில்தான் இருக்கிறது, நேரில் போய்ப் பேசு. கல்லூரி அலமாரியில் வைத்தால் அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். சொந்தத் தோட்டத்தில் எடுக்கிறவரை சிக்கல் இல்லை, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு புழுவைக்கூடத் தொடாதே.

யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயமுறுத்தியவரிடம் சொல், 1886-இலேயே முந்தியிருக்கலாம் என்று.

வால்துண்டு

எத்தனால் கல்லூரியில் கிடைக்காமல் திண்டாடினால் சொல்லுங்கள், எங்கள் ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். வால்துண்டு போட்ட குப்பியில் ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றிவிடுங்கள், புழுவின் தண்ணீர் அதில் கலந்து நீர்த்துப்போயிருக்கும். வெளிநாட்டு ஆய்வகம் யாராவது இலவசமாகச் செய்து தருகிறோம் என்று மெயில் போட்டால், அனுமதி இல்லாமல் துண்டு வாலைக்கூட அனுப்பாதீர்கள்.

பெயர் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. வைக்கலாம். ஒரு பெண்ணின் பெயர் என்றால் கடைசியில் "ஏ" என்று முடிகிற லத்தீன் விகுதி, ஆண் என்றால் "இ". ஊர்ப் பெயர் என்றால் "என்சிஸ்", நிலம்பூர் அப்படித்தான் நிலம்பூரென்சிஸ் ஆனது. உங்கள் சொந்தப் பெயரைத்தான் வைக்கக் கூடாது, விதி தடுக்கவில்லை, ஊர் சிரிக்கும்.

மிளகுக்கொடி

மழை வந்ததும் போன் போடச் சொல்லுங்க, காலையில் ஆறு மணிக்கு முன்னால் வரணும், ஏழு மணிக்கெல்லாம் கோழி தின்றுவிடும்.

ஈரமண்

அண்ணா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். போர்னின் கட்டுரை கிடைத்துவிட்டது, ஸ்கேன் மங்கலாக இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி உட்காருகிறேன். ப்ராஜெக்டில் இப்போதைக்கு "டிராவிடா, இனம் உறுதிசெய்யப்படவில்லை" என்றே எழுதப்போகிறேன். அம்மாயியிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். புழுவுக்கா என் பேரை வைக்கிறாய் என்று இரண்டு நாளாகப் பேசவில்லை.