சாம்பல் கோலத்தில் வந்த லூன்: யாரெல்லாம் ஏமாந்தீர்கள்?

கரையோரன்:
நவம்பர் கடைசி, ஏரி நடுவே ஒற்றை லூன், மூழ்கி மீன் பிடிக்கும் நீர்ப்பறவை. கோடைக் கோல இறகு என்றால் குழந்தைகூடப் பெயர் சொல்லிவிடும், இது சாம்பலும் வெள்ளையுமாக. காமன் லூன் என்று எழுதியும் விட்டேன். மூழ்கியது. எழுந்தபோது ஒரே ஒரு நொடி என் பக்கம் திரும்பியது. கழுத்தில் கருமையும் வெள்ளையும் சேரும் இடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. மோவாய்க்குக் கீழே மெல்லிய இருண்ட பட்டை. பசிபிக் லூன்! மறுபடி மூழ்கியது, அப்புறம் கண்ணில் படவே இல்லை. அந்தப் பட்டையைப் பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டேனா?

மூடுபனி:
என் கதை இதைவிட மோசம். விலாவின் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளைத் திட்டு. அது ஆர்க்டிக் லூனின் அடையாளமாயிற்றே, ஆர்க்டிக் லூன் என்று கத்தியே விட்டேன். இறகு கோத ஒருக்களித்துப் படுத்திருந்திருக்கிறது. நிமிர்ந்ததும் திட்டைக் காணோம். கூட வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

நீள்குழல்:
நான் அரை மணி நேரம் லூன் என்று பார்த்துக்கொண்டிருந்தது நீர்க்காகம். சரி, அது போகட்டும். கரையோரன், ஒரு நொடிக் கோட்டை வைத்துப் பெயர் எழுதலாமா? காமன் லூனுக்குக் கழுத்தோரம் கந்தலாக இருக்கும், வெள்ளை உள்ளே குடைந்து போகும், கண்ணைச் சுற்றியும் வெளிறியிருக்கும். எதிர்வெயிலில் இதெல்லாம் கரைந்துவிடும். பின்கழுத்தைப் பாருங்கள்: முதுகைவிட இருண்டிருந்தால் காமன், வெளிறியிருந்தால் பசிபிக். பட்டை இல்லாவிட்டாலும் பசிபிக்கைத் தள்ளிவிட முடியாது, இளம் பறவைக்கு அது மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். அலகை மேலே தூக்கியிருந்தால் உடனே சிவப்புத் தொண்டை லூன் என்று ஓடாதீர்கள், மஞ்சள் அலகு லூனும் அப்படித் தூக்கும். அதற்கு அலகின் மேல்விளிம்பு நுனிப் பக்கம் வெளிறியிருக்கும், காமனுக்கு நுனிவரை கறுத்திருக்கும்.

மூடுபனி:
பாடம் யார் கேட்டார்கள் ஐயா? 1985 வரை அமெரிக்கப் பறவையியலாளர்களே பசிபிக்கையும் ஆர்க்டிக்கையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். நான் குழம்பக் கூடாதா?

அல்லிக்குளம்:
சின்னக் குட்டையில் ஒல்லியாக ஒன்று. காமன் குஞ்சு, வளரட்டும் என்று நினைத்தேன். நாலு எட்டு ஓடி விர்ரென்று எழும்பிவிட்டது! காமன் லூனுக்கு நீளமாக ஓட இடம் வேண்டுமே. கழுத்தைத் தொங்கவிட்டுப் பறந்தபோதுதான் சிவப்புத் தொண்டை என்று உறைத்தது. கேமரா பைக்குள் இருந்தது.

கரையோரன்:
பின்கழுத்தா? அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நோட்டில் இரண்டு பெயரையும் அடித்துவிட்டு வெறும் லூன் என்று எழுதியிருக்கிறேன்.